புதுசா வந்தவனும் சில ராக் ஆல்பங்களும்

எங்கள் பழைய பெங்களூர் ரூம் ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அஞ்சு பேர். பொங்கல், தீபாவளி வாழ்த்து, யாருக்காவது முடி கொட்டிய படம், இவ்வளவுதான் அதில் நடக்கும். போன மாசம் ஒருத்தன் பரணில் எதையோ தேடப்போய், ஒரு பழைய போட்டோவை எடுத்துப் போட்டான். 2001, மடிவாளா வீட்டு மொட்டை மாடி, நாலு பேர், நாலு பேருமே எலும்பும் தோலுமாக. கீழே 'ஒரிஜினல் லைன்-அப்' என்று எழுதியிருந்தான். நான் உள்பட மூணு பேர் ஹார்ட்டின் போட்டோம். அஞ்சாவது ஆள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி படுத்தப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவன் அந்தப் படத்தில் இல்லை. அவன் 2002-இல் வந்தவன்.

அதிலிருந்து ஒரு மாசமாக, ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் காரில் ஒரே மாதிரி ஆல்பங்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறிய பிறகு வந்த ஆல்பங்கள். (எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. நடுவில் பன்னிரண்டு வருஷம் பெங்களூர். இப்போது டொராண்டோ பக்கம். இங்கே ஆபீஸ் போக ஒரு மணி நேரம், பனி பெய்தால் ஒன்றரை ஆல்பம்.) கொசுவத்தி சுற்றுவது பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். பதிவு நீளம்.

எனக்கு ராக் சொல்லிக்கொடுத்தது எங்கள் ரூம் சேட்டன். திருச்சூர்க்காரர், எங்களை விட நாலு வயசு மூத்தவர். அவரிடம் ஒரு டூ-இன்-ஒன்னும், ஷூ பெட்டி நிறைய கேசட்டும் இருந்தன. அதுவரை எனக்கு கிடார் என்றால் 'இளைய நிலா'தான். சேட்டன்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி ஊறவைத்துவிட்டு 'மெஷின் ஹெட்' போடுவார். அது எத்தனையாவது நிமிஷத்தில் என்ன ஆகும் என்று அலசிக்கொண்டே சொல்லுவார்.

2001-இல் டீப் பர்ப்பிள் பெங்களூர் வந்தார்கள். அதற்குப் போகாமல் இருப்போமா? பேலஸ் கிரவுண்ட்ஸ் புழுதியில் நின்று கேட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சேட்டன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது, "பிளாக்மோர் இல்லாத்த பர்ப்பிள், தேங்கா இல்லாத்த புட்டு" என்றார். கிடார் வாசித்தது ஸ்டீவ் மோர்ஸ், அமெரிக்கர். ரிச்சி பிளாக்மோர் 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விட்டுவிட்டுப் போனவர். மிச்சக் கச்சேரிகளை ஜோ சாட்ரியானி வந்து வாசித்து முடித்துக்கொடுத்தார். 1994-இல் மோர்ஸ் சேர்ந்தார்.

சேட்டன் சொன்னது வேதவாக்கு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து இந்தக் குழுவின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. 1968-இல் டீப் பர்ப்பிள் ஆரம்பித்தபோது பாடியவர் ராட் எவன்ஸ், பாஸ் வாசித்தவர் நிக் சிம்பர். 1969-இல் இரண்டு பேரையும் கழற்றிவிட்டு, 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து இயன் கில்லனையும் ராஜர் குளோவரையும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் 1970-இல் 'இன் ராக்', 1972-இல் 'மெஷின் ஹெட்'. அதாவது சேட்டன் அசல் என்று கையெடுத்துக் கும்பிட்டதே ஆள் மாறிய பிறகு வந்த சரக்கு! அசல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாம் முதலில் கேட்டதைத்தான். நமக்கு முன்னால் அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று யார் கேட்கிறோம்?

அந்தக் குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அதற்கு அடுத்தது. 1973-இல் கில்லனும் குளோவரும் போய்விட்டார்கள். பாஸுக்கு கிளென் ஹியூஸ் வந்தார். அவர் ஏற்கனவே நல்ல பாடகர். பாடுவதற்கு என்று எடுத்தது டேவிட் கவர்டேல். வடக்கு இங்கிலாந்தில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, வெளியே யாருக்கும் தெரியாத பையன். உலகத்திலேயே பெரிய குழுக்களில் ஒன்றுக்கு, துணிக்கடையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்து மைக்கைக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! 1974-இல் 'பர்ன்' வந்தது. அதில் கவர்டேலைக் கில்லன் மாதிரி கத்தச் சொல்லவே இல்லை. அவர் குரல் கனமானது, கொஞ்சம் ப்ளூஸ் வாடை உள்ளது. ஹியூஸ் குரல் மேலே பறக்கும். இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பாட விட்டு, பாட்டுகளையே அதற்கு ஏற்ற மாதிரி அமைத்தார்கள். 1996-இல் வந்த 'பர்ப்பெண்டிகுலர்' ஆல்பத்திலும் அதேதான். மோர்ஸுக்கு பிளாக்மோர் வேஷம் போட்டு விடவில்லை. இன்றைக்கு அந்தக் குழுவில் எல்லா லைன்-அப்பிலும் இருந்த ஒரே ஆள் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ்தான். மோர்ஸும் 2022-இல் விலகி, அவர் இடத்தில் சைமன் மெக்பிரைட் வாசிக்கிறார்.

யோசித்துப் பார்த்தால், பெங்களூர் மேடைகளில் நாங்கள் பார்த்தது எல்லாமே ஆள் மாறிய குழுக்கள்தான். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தபோது மழையில் தொப்பலாக நனைந்தோம். அந்த மேடையில் பிரையன் ஜோன்ஸ் இல்லை, மிக் டெய்லர் இல்லை, பில் வைமன் இல்லை. 2002-இல் ராஜர் வாட்டர்ஸ் வந்தார். அது இன்னும் விசேஷம், குழுவை விட்டுப் போனவர் மட்டும் தனியாக வந்து குழுவின் பாட்டைப் பாடினார். எங்கள் ஊருக்கு எல்லாம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்குள் யாராவது செத்திருப்பார்கள், அல்லது சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நாங்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பெங்களூரில் எந்த வாடகை வீட்டிலும் முதலில் குடிவந்தவர்கள் இப்போது இருக்கிறார்களா என்ன?

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2002 ஆரம்பத்தில் சேட்டன் மஸ்கட் போய்விட்டார். வாடகையை நாலாகப் பிரித்தால்தான் கட்டுப்படியாகும். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் போட்டு ஒருத்தன் வந்தான். ஈரோடு பக்கம். பெயர் வேண்டாம், இதைப் படிப்பான். நாங்கள் அவனைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. 'புதுசு' என்றுதான் கூப்பிட்டோம். "புதுசு, தண்ணி லாரி வந்துருச்சு." "புதுசு, சிலிண்டர் புக் பண்ணியா?" சேட்டன் கட்டிலை நான் எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஹாலில் தண்ணி டிரம் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அவனும் ஒரு பவுச் நிறைய சிடி வைத்திருந்தான். எல்லாம் அயர்ன் மெய்டன். "மெய்டன் எல்லாம் ஸ்கூல் பசங்க கேக்கறது" என்று சேட்டன் எப்போதோ சொன்னதை என் கருத்து மாதிரி எடுத்துவிட்டேன். அவன் ஹெட்போன் வாங்கிக்கொண்டான்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1999-இல் நான் அந்த வீட்டுக்குப் போனதே யாரோ ஒருத்தன் காலி செய்துவிட்டுப் போன இடத்துக்குத்தான். அவன் பெயர் கூட எனக்குத் தெரியாது. அலமாரிக் கதவின் உள்பக்கம் அவன் ஒட்டின சச்சின் படம் இருந்தது, நான்தான் கிழித்தேன்.

இங்கேதான் மெட்டாலிகா கதையைச் சொல்ல வேண்டும். 1986 செப்டம்பர் 27, சுவீடனில் அவர்கள் போன பஸ் கவிழ்ந்து பாஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். இருபத்து நாலு வயசு. சில வாரங்களிலேயே ஜேசன் நியூஸ்டெட் என்பவரை எடுத்தார்கள். நண்பன் செத்த துக்கத்தை முழுசாக அழுது தீர்க்காமல், அதையெல்லாம் புதிதாக வந்தவன் மேல் இறக்கினார்கள். கிண்டல், கேலி, ஹோட்டல் பில்லை அவன் தலையில் கட்டுவது. இதெல்லாம் அவர்களே பிறகு பேட்டிகளில் ஒப்புக்கொண்டதுதான். 1988-இல் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வந்தது. பிரமாதமான பாட்டுகள். ஆனால் ஆல்பம் முழுக்க பாஸ் கிடாரைத் தேட வேண்டியிருக்கும். மிக்ஸிங்கில் அதை அமுக்கிவிட்டார்கள். அமுக்கச் சொன்னது டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச்தான் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பல வருஷம் கழித்துச் சொன்னார். அதில் முதல் பாட்டான 'பிளாக்கன்ட்' எழுதியவர்களில் நியூஸ்டெட் பெயரும் இருக்கிறது. பெயர் இருக்கிறது, சத்தம் இல்லை.

பதினாலு வருஷம் அந்தக் குழுவில் இருந்துவிட்டு 2001 ஜனவரியில் அவர் விலகினார். 2003-இல் ராபர்ட் ட்ருஹீயோ வந்தார். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி பேலஸ் கிரவுண்ட்ஸில் நாங்கள் பார்த்த மெட்டாலிகா அது. இரண்டு நாள் முன்னால் குர்கான் கச்சேரி ரத்தாகி, இங்கேயும் நடக்குமா நடக்காதா என்று திக் திக் என்று இருந்தது. நடந்தது. பெங்களூரில் நான் பார்த்த கடைசிக் கச்சேரி. அன்றைக்கு பாஸ் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. நியூஸ்டெட்டுக்கும் ஆல்பத்தில் இந்தச் சத்தத்தைக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிரான உதாரணங்களும் உண்டு. ஏசி/டிசி குழுவின் பான் ஸ்காட் இறந்தது 1980 பிப்ரவரி 19. பிரையன் ஜான்சனை வைத்து 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது அதே வருஷம் ஜூலை 25. அஞ்சு மாசம்! அட்டை முழுக் கறுப்பு, முதல் பாட்டு மணியோசையோடு ஆரம்பிக்கும். துக்கத்தை அட்டையிலும் மணியிலும் வைத்துவிட்டு, புது ஆளை முழுத் தொண்டையில் பாட விட்டார்கள். உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று அது. அதே 1980-இல் பிளாக் சப்பாத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்'. ஆஸி ஆஸ்போர்னை முந்தின வருஷம் வெளியே அனுப்பிவிட்டு ரானி ஜேம்ஸ் டியோவைக் கொண்டுவந்தார்கள். ஆஸி பாடினால் கிடார் போகிற வழியிலேயே பெரும்பாலும் அவரும் போவார். டியோ தனி வழி. அதனால் டோனி அயோமியின் கிடாருக்கும் புது வழி கிடைத்தது. எனக்கு 'பாரனாய்ட்' ஆல்பத்தை விட இதுதான் பிடிக்கும். அடிக்க வராதீர்கள்.

நம்ம ஊரில் இல்லாததா இது? 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு விஸ்வநாதன்-ராமமூர்த்தி பிரிந்தார்கள். அடுத்த வருஷம் எம்.எஸ்.வி. தனியாகப் போட்டது 'அன்பே வா'. எங்கள் அப்பா அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டேதான் சவரம் செய்வார். ஆனால் யாராவது கேட்டால், "ராமமூர்த்தி போனப்புறம் பழைய ருசி இல்லப்பா" என்பார். சேட்டனும் அப்பாவும் சந்தித்திருந்தால் நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

இப்போது மெய்டன். 2007 மார்ச் 17, சனிக்கிழமை, அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல்முறையாக, அதுவும் எங்கள் பேலஸ் கிரவுண்ட்ஸில். டிக்கெட் நாலையும் ஈரோட்டுக்காரன்தான் வரிசையில் நின்று வாங்கினான். ஒரு மாசமாக வீட்டில் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டு போகிறார்கள். நான் பையில் எதை எடுத்துப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். சட்டையும் ரேசரும் அவன்தான் எடுத்து வைத்தான். மடிவாளா பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். எந்த பஸ்ஸிலும் சீட் இல்லை. ஒரு டிரைவரிடம் பேசி, கேபினில் இரண்டு இடம் வாங்கினான். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. ஏறினப்புறம்தான் அவனும் வருகிறான் என்று புரிந்தது. பைக்கை ஒரு பங்க் கடை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு ஏறியிருந்தான்.

மதுரையில் சனிக்கிழமை முழுக்க ஐசியூ வாசல். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அங்கே பெங்களூரில் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கும் நேரம். அவன் தன் ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. நான் அதற்கு முன்னால் அதை ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

அந்த ஆல்பத்தின் கதையை அன்றைக்கு அவன்தான் சொன்னான். 1980, 1981-இல் வந்த முதல் இரண்டு ஆல்பத்தில் பாடியவர் பால் டியானோ. சாம்சன் என்ற குழுவிலிருந்து புரூஸ் டிக்கின்ஸன் வந்து பாடிய முதல் ஆல்பம், 1982-இன் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. 1990-இல் கிடார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித் போனார், அவர் இடத்துக்கு ஜானிக் கெர்ஸ் வந்தார். 1993-இல் டிக்கின்ஸனும் போனார். பிளேஸ் பேய்லி பாடின இரண்டு ஆல்பங்கள் சோபிக்கவில்லை. டிக்கின்ஸனுக்கு எழுதின உயரத்தில் பேய்லியைப் பாட வைத்தார்கள், பாவம். 1999-இல் டிக்கின்ஸனும் ஸ்மித்தும் திரும்பி வந்தார்கள். சாதாரணமாக இந்த மாதிரி நேரத்தில் என்ன நடக்கும்? பழைய ஆள் வந்துவிட்டார், நடுவில் வந்தவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மெய்டன் கெர்ஸை அனுப்பவில்லை. மூணு கிடார் வைத்துக்கொண்டு, 2000-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' போட்டார்கள். மூணு பேரும் இன்றுவரை இருக்கிறார்கள்.

"மூணு கிடார் எதுக்குடா, சத்தம்தானே ஜாஸ்தி ஆகும்?" என்று கேட்டேன். "கேட்டுப் பாரு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது" என்றான். உண்மைதான். ஏறவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்னும் ஏழு வருஷம் இருந்தார். ஈரோட்டுக்காரனை 'தம்பி' என்பார், என்னைக் கூப்பிடுவதை விட மரியாதையாக. 2009 பிப்ரவரியில் மெய்டன் மறுபடியும் பெங்களூர் வந்தார்கள். நான் போனேன். அதற்குள் அவனுக்கு வேலை போயிருந்தது. 2008 கடைசியில் பல பேருக்குப் போன மாதிரிதான். ஊரில் அண்ணனோடு தறிப்பட்டறையைப் பார்க்கப் போய்விட்டான். "வாடா, டிக்கெட் நான் போடறேன்" என்று நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அவன் மெய்டனை இன்றுவரை நேரில் பார்க்கவில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் டெல்லியின் 'இந்தியன் ஓஷன்'. அசீம் சக்ரவர்த்தி தபேலா வாசித்துக்கொண்டே பாடுகிறவர். 2009 டிசம்பர் 25-இல் இறந்துபோனார். அவரோடு பதிவு செய்து வைத்திருந்த '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தை 2010-இலிருந்து மாசம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். தலைப்பு, அவர்கள் ஒத்திகை பார்த்த கரோல்பாக் வீட்டு விலாசம். ஒருத்தர் செய்த வேலைக்கு அடுத்து இரண்டு பேரை எடுக்க வேண்டியிருந்தது. தபேலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2013-இல் குழுவை ஆரம்பித்த சுஷ்மித் சென்னும் விலக, நிகில் ராவ் கிடாருக்கு வந்தார். 2014-இல் 'தந்தானு'. முழுக்க விருந்தாளிகளோடு வாசித்த ஆல்பம். ஷங்கர் மகாதேவன், சுபா முத்கல், நம்ம செல்வகணேஷ் எல்லாம் உண்டு. புதுசாக வந்தவர்களை விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டால், யார் புதுசு யார் பழசு என்று கேட்பவனுக்குத் தெரியாது. நல்ல யோசனை.

எங்கள் பெங்களூர்க் குழுவைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்', 1996-இல் ஆரம்பித்தது. மூணு மலையாளிகளும் ஒரு கால் மலையாளியும் சேர்ந்தது என்பதுதான் அந்தப் பெயர். சேட்டன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாலு பேர் மூணு பேர் ஆனார்கள், பாஸ் வாசித்தவர் மாறினார். ப்ரூஸ் லீ மணியும் ராஜீவ் ராஜகோபாலும் மட்டும் விடாமல் இருந்தார்கள். 2005-இல் 'பிளான் பி' ஆல்பத்தை இணையத்தில் இலவசமாக விட்டார்கள். பிரகாஷ் பாஸ் வாசிக்க வந்த பிறகு, 2012-இல் '3 வீல்ஸ் 9 லைவ்ஸ்'. பெங்களூர் ஆட்டோவை வைத்து மூணு டிஸ்க்! நான் அப்போது இங்கே வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. முதல் பனிக்காலம், ஜன்னலுக்கு வெளியே ஒரு ஈ காக்கை கிடையாது. அதைப் போட்டுவிட்டு, மீட்டருக்கு மேலே கேட்கிற ஆட்டோக்காரருக்காக ஏங்கி உட்கார்ந்திருந்தேன். நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை.

போன வாரம் என் பெட்டிகளையும் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் உருட்டினேன். ஈரோட்டுக்காரன் இருக்கிற படம் ஒன்றை எடுத்து குரூப்பில் போட்டுவிடலாம் என்று. நந்தி மலை, ஹொகேனக்கல், அப்பா டிஸ்சார்ஜ் ஆன அன்று மதுரை ஆஸ்பத்திரி வாசல், ஆறு வருஷத்தில் எவ்வளவு படங்கள். ஒன்றில் கூட அவன் இல்லை. கடைசியில் அவனுக்கே தனியாக மெசேஜ் அனுப்பினேன்: "நீ இருக்கற மாதிரி பழைய ரூம் போட்டோ ஏதாவது வெச்சிருக்கியாடா?"

அரை மணி நேரம் கழித்து பதில் வந்தது.

"எல்லாம் எடுத்ததே நாந்தானடா. நான் எப்படி அதுல இருப்பேன்?"